கிலோ 1,400 ரூபாய்க் காப்பியில் அப்படி என்ன இருக்கிறது?

10 நவம்பர் 2024, வாசகர் கேள்வி

கும்பகோணத்தில் இருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து ஒரே கடையில்தான் பொடி வாங்குகிறோம். கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் கையில் கொடுப்பார்கள். கிலோ 700 ரூபாய், சிக்கரி கலந்தது. போன வாரம் மாப்பிள்ளை ஒரு கால் கிலோ பாக்கெட் கொண்டுவந்தார். பழனி மலை, குடும்பத் தோட்டம், ஸ்பெஷாலிட்டி என்று அச்சடித்திருந்தது. விலை 350. பில்டரில் போட்டுப் பால் ஊற்றிக் குடித்தால் புளிக்கிறது. நிறமும் இல்லை, திடமும் இல்லை. மலைமேல் குடும்பத்தோடு இருந்தால் விலை இரண்டு மடங்கா?

11 நவம்பர் 2024

அந்தப் பாக்கெட் எங்களுடையதா என்று தெரியாது. ஆனால் நாங்களும் அதே விலைக்குத்தான் விற்கிறோம், அதனால் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், ஆறு ஏக்கர். உயரம் நாலாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். சில்வர் ஓக், பலா, மலைவாழை, மிளகுக் கொடி, நடுவில் காப்பி. அப்பா, அண்ணன், அண்ணி, நான். நான் வத்தலக்குண்டில் இருந்துகொண்டு வாரம் இரண்டு தடவை மேலே போகிறவன்.

விலைக்குக் காரணம் பறிப்பு. ஒரு கொத்தில் பழம், செங்காய், பச்சைக்காய் மூன்றும் ஒன்றாக நிற்கும். மொத்தமாக உருவினால் ஒரு ஆள் ஒரு நாளில் 50 கிலோகூட எடுத்துவிடுவார். நன்றாகச் சிவந்ததை மட்டும் பறித்தால் 25 கிலோ. அதே செடிக்கு நாலு முறை திரும்பி வர வேண்டும். கூலி அதே கூலி. பழம் ஆறு கிலோ இருந்தால்தான் காய்ந்து, தோலெல்லாம் போய் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அது 830 கிராம்.

புளிப்பு பற்றிப் பிறகு எழுதுகிறேன். இன்று ஆள் வந்திருக்கிறார்கள்.

11 நவம்பர் 2024, இரவு

புளிப்பு. அது இளவறுப்பாக இருக்கும். இளவறுப்பில் பழத்தின் புளிப்பு தங்கும். அதைப் பால் இல்லாமல், வெந்நீரை மெல்ல ஊற்றி வடித்துக் குடிப்பார்கள். நம் பில்டரில் கெட்டி டிகாஷன் எடுத்து அதில் பசும்பாலை ஊற்றினால் மோரில் காப்பிப் பொடி போட்ட மாதிரிதான் இருக்கும். உங்கள் நாக்கில் கோளாறு இல்லை. பாக்கெட்டில் 'பாலுக்கு உகந்ததல்ல' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். நாங்களும் போடவில்லை என்பதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

14 நவம்பர் 2024

எந்த ரகம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதிக்கு மேல் எஸ்.795. தாத்தா வைத்த செடிகள், எனக்கு மூத்தவை. சுத்தமான பழைய அரபிகா, கலப்பில்லை. மீதி செலக்‌ஷன் 9, அண்ணன் வைத்தது. ஒரு மூலையில் சந்திரகிரி, அது 2007இல் காப்பி வாரியம் வெளியிட்ட ரகம், குட்டைச் செடி.

சுவை பார்த்துப் போடுகிற கணக்கில் எங்கள் எஸ்.795 இந்த வருஷம் 84 மதிப்பெண். நூற்றுக்கு 80 வாங்கினால்தான் ஸ்பெஷாலிட்டி என்று பெயர். அதாவது நாங்கள் தப்பித்தோம்.

15 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. எஸ்.795 கலப்பில்லாதது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் படித்துவிட்டு போனில் கூப்பிட்டுச் சிரித்தார். எஸ்.795 என்பது எஸ்.288க்கும் கென்ட் ரகத்துக்கும் பிறந்தது. அந்த எஸ்.288 வழியில் லைபீரிக்கா ரத்தம் கலந்திருக்கிறது. அரபிகாவும் லைபீரிக்கா என்ற வேறு காப்பி இனமும் தாமாகக் கூடிப் பிறந்த செடியிலிருந்து வந்த வழி. இலைத் துரு நோயைக் கொஞ்சமாவது தாங்கட்டும் என்றுதான் 1940களில் இதைக் கொண்டுவந்தார்கள். கலப்பு இருந்ததால்தான் தாத்தாவின் செடி என் வயதைத் தாண்டி நிற்கிறது. சுத்தம் என்று பெருமை பேசியதை வாபஸ் வாங்குகிறேன்.

துரு என்றதும் நினைவு வருகிறது. 1869இல் இலங்கையில்தான் அந்த நோய் முதலில் பெரிதாகத் தெரிந்தது. இருபது வருஷத்துக்குள் காப்பித் தோட்டமெல்லாம் போய்த் தேயிலை வந்தது. அதற்கு முன்பு நம் ஊர் ஆட்கள் காப்பி பறிப்புக் காலத்துக்கு மட்டும் கண்டிச் சீமைக்கு நடந்து போய்த் திரும்பி வருவார்களாம். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், அதனால் குடும்பத்தோடு அங்கேயே தங்கும்படி ஆனது. ஒரு பூஞ்சை எத்தனை பேர் வீட்டு முகவரியை மாற்றியிருக்கிறது பாருங்கள். சரி, விலைக்கு வருகிறேன், நாளைக்கு.

19 நவம்பர் 2024

நாளைக்கு என்றேன். நாலு நாள் மழை.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. எங்கள் மேல் மூடுபனியும் சாரலும்தான். ஆனால் அது போதும், ஒரு வாரம் காப்பி காய வைக்கிற களத்தில் ஒன்றும் காயவில்லை.

பறிப்புதான் விலைக்குக் காரணம் என்று முதலில் எழுதினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். காய்ச்சல்தான் காரணம். உடம்புக் காய்ச்சல் இல்லை, களத்துக் காய்ச்சல். (ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து தார்பாய் இழுத்ததில் அதுவும் வந்தது.)

குடகு, சிக்மகளூர்க்காரர்களுக்குத் தென்மேற்கு மழைதான் பெருமழை. அவர்கள் பறிக்கிற மாதங்களில் பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும். நமக்கு வடகிழக்குப் பருவம். பழம் சிவக்கிற அதே ஐப்பசி கார்த்திகையில் மழையும் கொட்டும். நல்ல பழமாகப் பார்த்துப் பறித்துவிட்டு, அதைக் காய வைக்க வெயிலைத் தேடி அலைய வேண்டும். பழனி மலைக் காப்பிக்கு ஊருக்குள் இருக்கிற பெயர் வெளியே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2019இல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி. நம் மலைவாழைக்கு உண்டு, கொடைக்கானல் பூண்டுக்கு உண்டு, அந்தக் காப்பிப் பட்டியலில் நாம் இல்லை.

ஈரம் எங்கே நிற்க வேண்டும் என்றால், பார்ச்மென்ட்டில் 10 சதவீதம். பார்ச்மென்ட் என்பது பழத்தோலை உரித்து, வழுவழுப்பைக் கழுவி, உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டோடு காய வைப்பது. பழத்தை அப்படியே காய வைத்தால் செர்ரி. பார்ச்மென்ட் காயும்போது உள்ளே கொட்டை முதலில் வெளுப்பாக, அப்புறம் கறுப்பாக, கடைசியில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்துக்கு வரும். மீட்டர் வாங்குவதற்கு முன் அப்பா கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் இன்னும் இரண்டு நாள். மீட்டர் வந்த பிறகும் கடிக்கிறார். மீட்டரும் அவரும் ஒத்துப்போகாத நாளில் அவர் பக்கம்தான் நான் பந்தயம் கட்டுவேன்.

மழை நின்று சுள்ளென்று வெயில் அடித்தால் அதுவும் வம்பு. உச்சி வெயிலில் ஓடு வெடித்துவிடும். பன்னிரண்டு மணிக்குச் சாக்கைப் போட்டு மூட வேண்டும், இரண்டரைக்கு எடுக்க வேண்டும். வெயில் வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு, வந்த வெயிலுக்குக் குடை பிடிக்கிற தொழில்.

3 டிசம்பர் 2024

பீபெரி தனிச் செடியா என்று கேட்டவருக்கு: இல்லை. பெரும்பாலான பழத்தில் இரண்டு கொட்டை தட்டையாக முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும். சிலதில் ஒன்று வளராமல் போய்விடும், மற்றது இடம் தாராளமாகக் கிடைத்து உருண்டையாகிவிடும். அதைச் சலித்துத் தனியாக எடுப்பார்கள். உருண்டை என்பதால் ஒரே சீராக வறுபடும். மற்றபடி ஒற்றைப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கிற செல்லம்தான் கடையிலும் கிடைக்கிறது.

16 டிசம்பர் 2024

பன்னிரண்டாம் தேதி மழையில் காய்ப்படுக்கை ஒன்று சரிந்தது. கம்பி வலை கட்டிய மேசை மாதிரி இருக்கும், காற்று அடியிலும் போகும். அதில் 180 கிலோ பழம், செர்ரியாகக் காய வைத்திருந்தோம், பதினோராம் நாள். மீட்டு எடுத்து வேறு படுக்கையில் போட்டோம். அன்று ராத்திரியே காட்டுமாடு ஒன்று வந்து அந்த வேறு படுக்கையின் மேல் சாய்ந்து முதுகு சொறிந்துகொண்டது. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தபோது அது அசையக்கூட இல்லையாம். ஆயிரம் கிலோ எடை உள்ள ஆளிடம் என்ன நியாயம் கேட்பது.

அந்தப் பழம் பூசணம் பிடித்துவிட்டது. ஸ்பெஷாலிட்டிக்கென்று ஒதுக்குகிற தனி மூட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டோம்.

மரநாய் தின்று கழித்த கொட்டையில் செய்கிற மரநாய்க் காப்பி விற்பீர்களா என்று இதே வாரத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்தில் மரநாய் தானாக வருகிறது, பழுத்த பழமாகப் பார்த்துத் தின்கிறது. பறிக்க வரும் யாரையும்விட அதற்குப் பழம் பார்க்கத் தெரியும். கூண்டில் அடைத்துப் பழம் ஊட்டி அதை விற்கிற வேலைக்கு நான் வரமாட்டேன்.

17 டிசம்பர் 2024

மேலே கழுவுகிற விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டேன், அதற்கு ஒரு சேர்க்கை. கையால் சுற்றும் பல்பரில் தோலை உரித்து, கொட்டையைத் தொட்டியில் போட்டு வைத்தால் அந்த வழுவழுப்பு தானே புளித்துக் கழன்றுவிடும். கீழே சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் போதும். எங்கள் டிசம்பர்க் குளிருக்கு 36 மணி நேரம்கூட ஆகும். கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்க்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் மாதிரி கரகரவென்று இருந்தால் உடனே கழுவு. தாமதித்தால் வெங்காய நாற்றம், அதை எந்த வறுப்பும் மறைக்காது.

இந்தக் கையில் எங்கள் வீட்டில் கெட்டிக்காரர் அண்ணி. சுவை பார்ப்பதிலும் அவர்தான். எட்டேகால் கிராம் பொடிக்கு 150 மில்லி வெந்நீர், நாலு நிமிஷம் கழித்து மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் உடைத்து மோந்து பார்ப்பது, அப்புறம் உறிஞ்சிக் குடித்துத் துப்புவது. ஐந்து கிண்ணத்தில் ஒன்றில் மட்டும் கோளாறு இருந்தால்கூடச் சொல்லிவிடுவார். சாதாரண நாளில் காப்பியே குடிக்க மாட்டார். சுக்கு மல்லிதான்.

9 ஜனவரி 2025

கும்பகோணத்து ஐயா மறுபடி எழுதியிருக்கிறார்: "பறிப்பு என்றீர்கள், காய்ச்சல் என்றீர்கள், மாடு என்றீர்கள். ஆறு ஏக்கரிலும் இப்படித்தான் செய்கிறீர்களா?"

இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு ஏக்கரில் நல்ல வருஷத்தில் ஆயிரம் ஆயிரத்து நூறு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். அதில் தனி மூட்டையாக நாங்கள் ஒதுக்குவது நூற்றைச் சொச்சம் கிலோ. பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கும் பார்ச்மென்ட்டாகவும் செர்ரியாகவும் வண்டியேறிப் பட்டிவீரன்பட்டிக்குப் போகிறது. சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த சௌந்தரபாண்டியனார் ஊர் அது. காப்பியைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைகள் அங்கே இருக்கின்றன. அங்கே போனதும் எங்கள் காப்பிக்குப் பெயர் கிடையாது. சல்லடையில் விழுகிற கணக்குப்படி பிளான்டேஷன் ஏ, பி, சி, பீபெரி. நூறு தோட்டத்துக் கொட்டை ஒன்றாகச் சேரும். அங்கிருந்து கொள்முதலாகி எந்தெந்த ஊர்க் கடைக்குப் போகிறது என்பது எங்களுக்கு வராத தகவல்.

ஐயா, உங்கள் கடைக்காரர் பிளான்டேஷன் ஏ வாங்குகிறவராக இருந்தால், அதில் தாத்தாவின் எஸ்.795 கைப்பிடி அளவு இருந்திருக்கலாம். நீங்கள் எங்கள் காப்பியை 700க்கு ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கலாம்.

அதே நாள், சற்றுப் பின்

அப்படியானால் அந்தப் பத்தில் ஒரு பங்கில் கூடுதலாக என்ன சேர்க்கிறீர்கள் என்றுதானே அடுத்த கேள்வி வரும். ஒன்றும் சேர்ப்பதில்லை. எடுக்கிறோம். செங்காயை எடுக்கிறோம். தண்ணீரில் மிதக்கிற பழத்தை எடுக்கிறோம். காய்ப்படுக்கையில் வெடித்ததை, கடைசியில் தட்டில் பரப்பிக் காய் துளைப்பான் ஓட்டை விழுந்தது, உடைந்தது, கறுத்தது எல்லாம். 350 கிராம் மாதிரியில் முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு மாதிரியான பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சின்னக் குறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு ஆள் ஒரு நாளில் பத்து கிலோ பார்க்கலாம், அதற்குள் கண் சொருகிவிடும்.

எடுத்ததெல்லாம் எங்கே போகிறது? எங்கள் வீட்டு அடுப்படிக்கு. சின்ன வயதிலிருந்து நாங்கள் குடித்தது களத்தில் கூட்டி எடுத்த சில்லும் கறுப்பும்தான். எங்கள் மலையில் பெரும்பாலான வீடுகளில் இதே கதை. நல்லதை நானே முதன்முதலில் குடித்தது முப்பத்தெட்டாவது வயதில், அதுவும் மதுரையில், ஒருவர் மாதிரிக்கு வறுத்துக் கொடுத்தபோது. எனக்கும் புளித்தது.

20 ஜனவரி 2025

நவம்பர் 14இல் 84 என்று எழுதியிருந்தேன். அது போன வருஷ மூட்டைக்கு அண்ணியும் நானும் எங்கள் வீட்டு மேசையில் போட்ட மதிப்பெண். 'இந்த வருஷம்' என்று வேறு எழுதியிருக்கிறேன். இந்த வருஷக் கொட்டை அப்போது செடியில்தான் இருந்தது. வெளியே சுவை பார்க்க அனுப்பியதில் போன வருஷத்ததற்கு வந்தது 81.25. இந்த வருஷம் மழைக்கு முந்தின மூட்டை 82.5, மழைக்குப் பிந்தினது 79.75. கால் மதிப்பெண்ணில் பெயர் போய்விட்டது. பிந்தினதை ஸ்பெஷாலிட்டி என்று விற்க மாட்டோம், நடுவறுப்பு வறுத்துப் பில்டருக்கு என்று விற்போம். சொந்தப் பிள்ளைக்கு வீட்டில் மதிப்பெண் போட்டால் இப்படித்தான் மூன்று கூடும். அண்ணி தான் 82தான் போட்டதாகவும் நான் 86 போட்டுச் சராசரி எடுத்ததாகவும் இங்கே பதிவு செய்யச் சொல்கிறார். பதிவு செய்தாயிற்று.

12 பிப்ரவரி 2025

சந்தை பைத்தியம் பிடித்து நிற்கிறது. பிரேசிலில் வறட்சி, நியூயார்க்கில் அரபிகா பவுண்டு நாலு டாலரைத் தாண்டிவிட்டது, 1977இன் உச்சத்தையும் கடந்து. எங்களுக்குப் பார்ச்மென்ட் 50 கிலோ மூட்டை 22,000 என்று கேட்கிறார்கள்.

இதோ கணக்கு, ஒரு கிலோ வறுத்ததற்கு. 50 கிலோ பார்ச்மென்ட்டில் 40 கிலோ கொட்டை, ஆக கொட்டை கிலோ 550. வறுப்பில் எடை குறைவதால் 1.2 கிலோ வேண்டும், 660 ரூபாய். இது சும்மா வண்டியேற்றியிருந்தாலே கிடைத்திருக்கும் பணம். கூடுதல் பறிப்பு 80. கையால் பொறுக்க 54, பொறுக்கித் தள்ளியதன் மதிப்பு 66. வறுக்கக் கூலி 100. வால்வு வைத்த பாக்கெட் நாலு, 100. அனுப்ப 80. மொத்தம் 1,140. விற்பனை வரி 5 சதவீதம், ஏறத்தாழ 67. 1,400இல் மிச்சம் 193.

அந்த 193க்குள் ராத்திரி மூன்று மணித் தார்பாய், காட்டுமாடு, அண்ணியின் மூக்கு எல்லாம் அடக்கம். இரண்டு வருஷம் முன்பு ஒரு நகரத்து வறுப்புக் கடைக்காரர் 60 கிலோ எடுத்துவிட்டுப் பாதிப் பணத்தை ஐந்து மாதம் இழுத்ததும் அடக்கம்.

வேடிக்கை என்னவென்றால், சந்தை விலை கீழே கிடந்தபோது தனி மூட்டை செய்தால் லாபம். சந்தை ஏறும்போது தனி மூட்டைக்கும் சாதாரண மூட்டைக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. நாங்கள் போன வருஷம் 1,200க்கு விற்று இதைவிட அதிகம் பார்த்தோம். அப்பா நேற்றுச் சொன்னார், "எல்லாத்தையும் பட்டிவீரன்பட்டிக்குப் போட்டுட்டு நிம்மதியா தூங்குடா." கணக்குப்படி அவர் சொல்வது சரி. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்ச் சாக்கை எடுத்து மூடினான், மணி பன்னிரண்டு.

13 பிப்ரவரி 2025

முதல் நாள் ஐயா சொன்ன 700ஐப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும். நல்ல கடையில் 80க்கு 20 கலப்பார்கள். சிக்கரி வேர் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவது, காப்பியைவிடப் பல மடங்கு மலிவு. ஆகவே 700ஐயும் 1,400ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது சரியில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்பா இன்றைக்கும் தன் டிகாஷனில் சிக்கரி போட்டுத்தான் குடிக்கிறார், 82.5 வாங்கிய மூட்டையிலும்.

18 மார்ச் 2025

பூமழை பெய்தது, ஏழாம் தேதி. நேற்று முழுத் தோட்டமும் வெள்ளை. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அப்புறம் பழுப்பு. ஏப்ரலில் இன்னொரு மழை வேண்டும், வந்தால் காய் பிடிக்கும். நிழல் குறைந்த மேற்குச் சரிவில் பதினாறு செடியில் தண்டுத் துளைப்பான் பூச்சி, செடிகளைப் பிடுங்கிக் கொளுத்தினோம். வெயில் படுகிற தண்டைத்தான் அது தேடி வரும். அந்தச் சரிவில் இருந்த பலாவை விற்றதே தப்பு, அது என் யோசனை.

தனி மூட்டை இந்த வருஷம் 96 கிலோவில் நின்றது. அடுத்த வருஷம் உண்டா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

21 மார்ச் 2025

கும்பகோணத்து ஐயாவுக்கு அந்த 79.75 மூட்டையில் கால் கிலோ, நடுவறுப்பு, அனுப்பியிருந்தேன். பதில் வந்திருக்கிறது. தனியாகப் போட்டால் இன்னும் கொஞ்சம் புளிப்புதானாம். வீட்டம்மா தன் கணக்குக்குச் சிக்கரி கலந்து போட்டிருக்கிறார், இரண்டாவது டம்ளர் கேட்டுக் குடித்தாராம்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எத்தனை பங்கு சிக்கரி என்று கேட்டு எழுதச் சொல்கிறார்.